பிரபல அமெரிக்கர்களின் அதிகம் தெரியாத கதைகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஒரு கதை கையில் சிக்கினால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை முதன்முதலில் எழுதியது யார், எப்போது? ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்ன கதையை இதே கேள்வியோடு பாருங்கள். அவர் இறந்தது 1799இல். வீம்ஸ் என்ற பாதிரியார் இந்தக் கதையைத் தன் புத்தகத்தில் சேர்த்ததோ 1806 பதிப்பில். அவர் இறந்த பிறகு முளைத்த கதை, நம்ப முடியாது, அதனால் அதை விட்டுவிடலாம்.

அப்புறம் கடிதங்களுக்குப் போங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் வாஷிங்டன், பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தாமஸ் ஜெஃபர்சன் போன்ற அந்தக் காலத் தலைவர்களின் கடிதங்களை இலவசமாகவே படிக்கலாம். ஆள் பெயரை மட்டும் போட்டால் அரசியல்தான் கொட்டும், அதனால் பல், கடன், வான்கோழி என்று வீட்டுச் சமாச்சாரங்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். ஃபிராங்க்ளின் 1750 டிசம்பர் 25 அன்று எழுதிய கடிதம் அப்படித்தான் மாட்டும்: மின்சாரம் பாய்ச்சி ஒரு வான்கோழியைக் கொல்லப் போனவர், முழு அதிர்ச்சியையும் தானே வாங்கிக்கொண்டார்; துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்ல, இவருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, வெளியே பரப்ப வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார், பாவம்.

கடிதத்தைவிடக் கணக்குப் புத்தகம் இன்னும் நேர்மையானது என்பேன். வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணைக் கணக்கில் 1784இல் ஒரு வரி இருக்கிறது: கறுப்பின மக்களிடம் 9 பற்கள் வாங்க 122 ஷில்லிங். பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் பற்களாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவை வாஷிங்டனின் பல்செட்டில் ஏறினவா என்று அந்த வரி சொல்லவில்லை, ஆகவே நீங்களும் சொல்லாதீர்கள்.

காப்புரிமைப் பதிவுகளையும் விடாதீர்கள். கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் US6469A என்ற எண்ணைத் தேடினால், ஆழமில்லாத இடத்தில் தரைதட்டும் படகைத் தூக்கிவிட ஆபிரகாம் லிங்கன் 1849இல் பதிந்த கருவி வரைபடத்தோடு வரும்.

நினைவில் இருந்து எழுதியவற்றில் மட்டும் கவனம். ரயில் நிலையத்தில் தவறி விழுந்த லிங்கனின் மகன் ராபர்ட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது நடிகர் எட்வின் பூத், அதாவது பின்னால் லிங்கனைச் சுட்டவனின் அண்ணன். ராபர்ட்டே 1909இல் எழுதியது, நம்பலாம். ஆனால் பல பத்தாண்டு கழித்து எழுதியது, அதனால் நாள், தேதி போடாமல் 'உள்நாட்டுப் போர்க் காலத்தில்' என்று சொன்னால் போதும்.