மதுரையில் வீடு கட்டத் திரும்பி வருகிறீர்களா? முதலில் நிலத்தைப் பாருங்கள்

சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று பல வருடம் இருந்துவிட்டு மதுரைப் பக்கம் வீடு கட்டிக் குடியேற வருபவர்கள் முதலில் என்ஜினீயரைத்தான் தேடுகிறார்கள். பிளானை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நிலம் சரியாக இல்லாவிட்டால் எந்த என்ஜினீயராலும் அனுமதி வாங்கித் தர முடியாது.

இந்தியக் குடியுரிமை வைத்திருந்தாலும், வெளிநாட்டில் வசிக்கும்வரை இங்கே விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. அந்நியச் செலாவணிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். குடியிருப்பு மனையும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். “நஞ்சைதான், ஆனா சுத்தி எல்லாரும் வீடு கட்டிட்டாங்க” என்று புரோக்கர் சொன்னால், பக்கத்து வீடுகளைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் சர்வே எண் எந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். விவசாயம் என்று இருந்தால் நில உபயோக மாற்றம் வாங்கிய பிறகுதான் வீடு.

ஒத்தக்கடை, திருமங்கலம், அலங்காநல்லூர் என்று எந்தச் சாலையில் போனாலும் கல் ஊன்றிய மனைகள் கண்ணில் படும். “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்பார்கள். லேஅவுட்டுக்கு வேண்டியது டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அப்ரூவல். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. அங்கீகாரம் இல்லாத பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ஆம் தேதியைத்தான் அதற்குக் கெடுவாக வைத்தார்கள். அதற்குப் பிறகு போட்ட அன்அப்ரூவ்டு மனையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது கண்மாய்களைப் பற்றித்தான். மதுரை மண்ணில் ஒரு கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அந்த ஓடையும் வாய்க்காலும் கோடையில் வெறும் புதர் மண்டிய பள்ளமாகத் தெரியும். 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதனால் பட்டா, வில்லங்கச் சான்றிதழ் இரண்டோடு நிறுத்தாமல், நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும் எடுங்கள். இணையத்திலேயே கிடைக்கும். உங்கள் எண்ணை ஒட்டி ஓடை, வாய்க்கால், கண்மாய்ப் புறம்போக்கு என்று ஏதாவது இருந்தால் சர்வேயரை வைத்து அளந்த பிறகே முன்பணம் கொடுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். அந்த ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் காகிதத்தில் இல்லாததையும் சொல்வார்.

சில இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. கோபுரங்கள் மறையாமல் இருக்க இந்த விதி அவசியம் என்றே நான் நினைக்கிறேன். கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். விமான நிலையத்தை ஒட்டி வாங்கினால் உயரத்துக்குத் தடையில்லாச் சான்று தேவையா என்று முன்பே விசாரியுங்கள்.

நிலம் சரி என்றால் மற்றது முன்பு போல் கஷ்டமில்லை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். ஆனால் கொடுக்கும் விவரத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. சாலையின் அகலம், சுற்றி விட வேண்டிய இடம், மழைநீர் சேகரிப்பு எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே தரையிலும் இருக்க வேண்டும். கட்டும்போது மேஸ்திரி “ரெண்டடி இழுத்துக்கலாம் சார்” என்றால் சம்மதிக்காதீர்கள்.

இன்னும் ஊர் திரும்பாதவர்கள் அண்ணன், மச்சான் பெயரில் பவர் எழுதிக் கொடுத்து வேலையைத் தொடங்குவது வழக்கம். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். வீடு கட்டத்தான் பவர் என்றால் விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள்.