பெங்களூர் அப்பார்ட்மெண்ட்ல தமிழ் குரூப் நடத்துறீங்களா? இதையெல்லாம் பண்ணாதீங்க

ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கம் பெரிய அப்பார்ட்மெண்ட்னா ஒரு தமிழ் குரூப் இருக்கும், பொங்கல் வைக்கும், புதுசா குடி வர்றவங்களுக்கு கேஸ் கனெக்‌ஷன்ல இருந்து ஸ்கூல் அட்மிஷன் வரைக்கும் வழி சொல்லும். நல்லதுதான். ஆனா கொஞ்ச நாள்ல அதே பத்து பேர் மட்டும் பேசிட்டு இருப்பாங்க.

முதல் காரணம் விசாரணை. "எந்த ஊரு"ன்னு ஆரம்பிச்சு, ஊர்ல எந்தத் தெரு, குலதெய்வம் எது, வீட்ல நான்வெஜ் உண்டான்னு தோண்டிக்கிட்டே போறது. எதுக்குன்னு கேக்குறவருக்கும் தெரியும், பதில் சொல்றவருக்கும் தெரியும், அடுத்த பொங்கலுக்கு அவங்க வர மாட்டாங்க. பேரு, பிளாக், என்ன உதவி வேணும், அவ்வளவு போதுங்க.

இதைவிடப் பெரிய தப்பு, பெங்களூர் தமிழர்னாலே ஐடி வேலைக்கு வந்தவங்கன்னு நினைச்சுக்கறது. அல்சூர், சிவாஜிநகர்ல தலைமுறை தலைமுறையா இருக்காங்க. 2001ல கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) சுரங்கத்தை மூடுனதுக்கு அப்புறம் அங்கிருந்து தினமும் ட்ரெயின் ஏறி இங்க வேலைக்கு வந்துட்டுப் போற தமிழர்கள் எத்தனையோ பேர். உங்க கேட்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணன், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா அதுல ஒருத்தரா இருக்கலாம், அவங்களை விழாவுக்குப் பாத்திரம் கழுவ மட்டும் கூப்பிட்டுட்டு பந்தியில உக்கார வைக்கலைன்னா அது என்ன தமிழ் விழா? (வேலைக்காரங்களுக்குத் தனி லிஃப்ட்னு போர்டு மாட்டுற கதையைத் தனியாத்தான் பேசணும்.) இங்கயே படிச்சு வளந்த நிறைய பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவங்க பேச்சுல கன்னடம் கலந்தா சிரிக்காதீங்க, நோட்டீஸை தமிழ்ல மட்டும் போட்டு விட்டுடாம ஒரு வாய்ஸ் மெசேஜும் சேத்து அனுப்புங்க.

அப்புறம் கன்னடக்காரங்க. காவிரிப் பிரச்சனை 1991லயும் 2016லயும் வெடிச்சப்போ இங்க கஷ்டப்பட்ட தமிழர்கள் இன்னும் இருக்காங்க, அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அதுக்காக குரூப்பையே கோட்டையாக்கிட்டா எப்படி? அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 18 வருசம் மூடியே கெடந்துச்சு, 2009ல சென்னையில கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் வைக்கிறதுன்னு பேசி முடிச்ச பிறகுதான் திறந்தாங்க. பொங்கல் சமயத்துலதான் கன்னடக்காரங்களுக்கும் சங்கராந்தி, எள்ளு பெல்லத்தோட (எள்ளும் வெல்லமும் கலந்தது) வீடு வீடா வர்றாங்க. ஹாலை ரெண்டு பேரும் சேந்து புக் பண்ணுங்க, ஆனா மெனு எல்லாம் முடிவு பண்ணிட்டு கடைசி நாள் கூப்பிடாதீங்க, முதல் மீட்டிங்குக்கே கூப்பிடுங்க. நவம்பர் 1 ராஜ்யோத்சவாக்கு (கர்நாடகா உருவான நாள்) கொடி ஏத்தும்போது நீங்களும் கீழ இறங்கிப் போங்க.