ஃபேஸ்புக்கில் முதலில் பூட்ட வேண்டியது நண்பர் பட்டியல்

நான் நடத்தும் கணினி மையத்துக்கு வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்றுதான் ஆட்கள் வருவார்கள். கொஞ்ச காலமாக இன்னொரு குறையோடும் வருகிறார்கள்: "அக்கா, என் பேர்ல யாரோ ஃபேஸ்புக் ஐடி ஓபன் பண்ணி எல்லார்கிட்டயும் காசு கேக்குறாங்க."

அப்படி வந்தவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். போலிக் கணக்கில் அவர் பெயர், அவர் படம், பேரன் பிறந்தநாள் படம்கூட இருந்தது. பழைய மாணவர்களுக்கு மெசஞ்சரில், "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாகப் பணம் வேண்டும், நாளைக்குத் திருப்பித் தருகிறேன்" என்று செய்தி போயிருக்கிறது. ஒரு மாணவர் அனுப்பியும் விட்டார். "பாஸ்வேர்டை மாத்திக் குடும்மா" என்றார் சார். ஆனால் அவர் கணக்குக்குள் யாருமே நுழையவில்லை. படம் வெளியில் தெரிந்தது, எடுத்துக்கொண்டார்கள். யாரிடம் கேட்டால் பணம் கிடைக்கும் என்பதை நண்பர் பட்டியல் சொல்லிவிட்டது.

அதனால் என்னிடம் யார் வந்தாலும் நான் முதலில் திறப்பது அந்த இடத்தைத்தான். மொபைல் ஆப்பில் மெனுவுக்குப் போய் 'செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி', அதற்குள் 'செட்டிங்ஸ்'. கீழே நகர்த்தினால் 'ஹவ் பீப்பிள் ஃபைண்ட் அண்ட் கான்டாக்ட் யூ' என்று இருக்கும். மெனுவை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள். கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். உங்கள் நண்பர் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கு 'பப்ளிக்' என்று இருந்தால் 'ஒன்லி மீ' என்று மாற்றுங்கள். நண்பர்களுக்கு மட்டும் தெரியட்டும் என்று விடலாமே என்பார்கள். யார் என்று தெரியாமல் சேர்த்துக்கொண்ட ஒருவர் உள்ளே இருந்தாலும் அது வீண்தான். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: 'ஒன்லி மீ' வைத்தாலும் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் தெரியத்தான் செய்வார்கள்.

2004-ல் ஹார்வர்டு மாணவர்களுக்கென்று ஆரம்பித்தது ஃபேஸ்புக். 2006 செப்டம்பரில் 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று திறந்துவிட்டார்கள். 2012-ல் 100 கோடிப் பேரைத் தாண்டியது. ஒருவரைப் பிடித்து இன்னொருவர் வந்து வந்தே அது வளர்ந்தது. நம்மைத் தேடிக் கண்டுபிடிப்பதைச் சுலபமாக வைத்தால்தான் அவர்களுக்கு ஆள் சேரும். நாமாகப் போய் மாற்றாதவரை பட்டியல் திறந்தேதான் கிடக்கும்.

அதே பக்கத்தில் இன்னொரு கேள்வி இருக்கும்: உங்கள் போன் நம்பரை வைத்து யார் உங்களைத் தேடலாம்? இதற்கும் 'ஒன்லி மீ'. நம்பரை நான் யாருக்கும் காட்டவே இல்லையே என்பவர்களும் இதை மாற்ற வேண்டும். போனில் உள்ள தொடர்புகளை ஏற்றி நண்பர்களைக் கண்டுபிடிக்கும் வசதியைத் தவறாகப் பயன்படுத்தி, 53 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டிவிட்டார்கள். 2021 ஏப்ரலில் அவை போன் நம்பரோடு இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. கூகுள் போன்ற தேடுபொறிகளில் உங்கள் பக்கம் வரலாமா என்ற கேள்வியும் அங்கேயே இருக்கும். வேண்டாம் என்று அணைத்துவிடுங்கள்.

அப்புறம் பழைய பதிவுகள். 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் இதுவரை பொதுவில் போட்டவை எல்லாம் ஒரே வீச்சில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். பெண்களுக்கு நான் புரொஃபைல் லாக்கும் போட்டுத் தருவேன். நண்பராக இல்லாதவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது.

அடுத்து 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்'. எப்போதோ விளையாடிய விளையாட்டு, 'உங்கள் குணம் என்ன' என்று கேட்ட வினாடி வினா எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும். தெரியாததை எல்லாம் நீக்குங்கள். தேர்தல் பிரசாரங்களுக்கு வேலை செய்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் கைக்கு ஃபேஸ்புக்கில் இருப்பவர்களின் விவரங்கள் போன கதை 2018-ல் வெளியே வந்தது. அது இப்படி ஒரு வினாடி வினா ஆப்பில்தான் ஆரம்பித்தது. அந்த ஆப்பை நிறுவியவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர். 8.7 கோடிப் பேர் வரை விவரம் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. மற்ற எல்லாரும் அவர்களின் நண்பர்கள்; யாரும் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. நாம் பூட்டினால் நம் நண்பர்களுக்கும் பாதுகாப்பு என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

சரி, போலிக் கணக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்றால்? பெரும்பாலும் அந்தக் கணக்கு உங்கள் கண்ணில் படாது. ஏமாற்றுகிறவன் முதல் வேலையாக உங்களை பிளாக் செய்துவிடுவான். அதனால் செய்தி வந்த நண்பரையே புகார் செய்யச் சொல்லுங்கள். போலிப் பக்கத்தில் மூன்று புள்ளியை அழுத்தி 'ரிப்போர்ட்' போய், இன்னொருவர்போல் நடிக்கிறார் என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரைக் காட்ட வேண்டும். அதற்கு முன் அந்தப் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து, பேசியதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கணக்கு நீக்கப்பட்டபின் எதுவும் கிடைக்காது. பிறகு உங்கள் உண்மைக் கணக்கில் ஒரு பதிவு போட்டு எல்லாரையும் எச்சரியுங்கள்.

யாராவது பணம் அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அனுப்பியவரை உடனே சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தன் வங்கிக்கும் அவர் தகவல் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறாரோ, அந்தப் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அவர் பேசட்டும்.