பிளாட்பாரத்தில் வாழ்ந்தவர்களைச் சந்திக்கப் போகிறவர்களுக்கு

முதலில் ஒரு விஷயம், பிறந்தநாள் பிரியாணிப் பொட்டலத்தோடு பத்துப் பேராகப் போய் இறங்காதீர்கள். பொட்டலம் கைமாறுகிற அந்த அரை நிமிடத்தில் யாரும் யாரையும் சந்திப்பதில்லை.

சென்னையில் வீடற்றோர் காப்பகங்கள் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. இங்கே மாநகராட்சிக்காகத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்கள், பெண்கள், சிறுவர், முதியோர் என்று தனித்தனியாக, அரசு மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்தவர்களுக்குக்கூட. பொறுப்பாளருக்குப் போன் செய்து "என்ன வேலைக்கு ஆள் வேண்டும்?" என்று கேளுங்கள். ஆதார் விண்ணப்பம் நிரப்புவது, வங்கிக்குக் கூடப் போவது, இப்படி ஏதாவது இருக்கும். வாடகை வீட்டுக்குப் போய்விட்ட பழைய ஆட்களும் இந்த மாதிரி வேலைக்கு வந்து போவார்கள், பேச்சு தானாக ஆரம்பிக்கும்.

என்ன கேட்பது? நான் சொதப்பியதைச் சொல்கிறேன். பாரிமுனைப் பக்கம் வளர்ந்த ஒரு அக்காவிடம், "எப்படிக்கா ரோட்டுக்கு வந்தீங்க?" என்று ரொம்பப் பரிவாகக் கேட்டேன். "எங்கேந்து வர்றது? எங்க ஆயாவே இங்கதான் பொறந்துச்சு" என்றார். வீடு இருந்தது, குடியோ கடனோ வந்தது, தெருவுக்கு வந்தார்கள் என்று ஒரு கதையை நான் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பக்கத்து நடைபாதைகளில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பங்கள் உண்டு.

அதனால் வீழ்ந்த கதையைத் தோண்டாதீர்கள், அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். லண்டனில் வீடில்லாமல் இருந்தவர்களே வழிகாட்டிகளாக நடத்தும் நடைச் சுற்றுலா 2010 முதல் இருக்கிறது, டிக்கெட் காசில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதுதான் சரி, ஊரைத் தெரிந்தவருக்குக் கூலி. நம் ஆளும் அரைநாள் பூ விற்பனையை விட்டுவிட்டு உங்களோடு உட்கார்ந்தால் அந்த அரைநாள் வருமானத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பிளாட்பாரத்தில் செலவே இல்லை என்று நினைத்திருந்தேன். கழிப்பறைக்குக் காசு, குளிக்கக் காசு, சமைக்க முடியாத மழைநாளில் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. வயசுப் பெண் இருக்கிற குடும்பம் என்றால் ராத்திரியில் முறைவைத்து ஒருவர் விழித்திருக்க வேண்டும், அந்தத் தூக்கத்தோடுதான் மறுநாள் வேலை. அக்கா இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு, மத்தியானம் கடையோரம் தூங்குகிறவரைப் பார்த்து "சோம்பேறி" என்று வாயில் வருவது எனக்கு நின்றுபோனது.

போட்டோ வேண்டாம். போன் நம்பர், எடுப்பீர்கள் என்றால் மட்டும் கொடுங்கள். அந்த அக்கா இப்போதும் கூப்பிடுகிறார், பெரும்பாலும் மகனுடைய காலேஜ் விண்ணப்பத்துக்காக. போன நவம்பரில் சும்மாதான் கூப்பிட்டார். "மழை பெய்யுதே தம்பி, உங்க பக்கம் தண்ணி நிக்குதா?"