முதலிடம் கற்றுத்தரும் தப்புப் பாடங்கள்: பங்குச் சந்தைப் போட்டியில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் காசே இல்லாமல் பங்கு வாங்கலாம், விற்கலாம், நஷ்டப்படலாம். கற்பனைப் பணத்தில் நடக்கும் பங்குச் சந்தைப் போட்டிகளின் கவர்ச்சியே அதுதான். பணம் பொய், விலை மட்டும் நிஜம். அமெரிக்கப் பள்ளிகளில் ‘ஸ்டாக் மார்க்கெட் கேம்’ என்ற பெயரில் 1977-லிருந்து இப்படி ஒன்று நடந்துவருகிறது. மாணவர் குழுக்களுக்கு 1,00,000 கற்பனை டாலர் கொடுப்பார்கள். ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை நடத்தும் போட்டியில் 50,000 டாலர். பெயரும் தொகையும் மாறினாலும் வடிவம் ஒன்றுதான்: ஆரம்பத்தில் ஒரு தொகை, நடுவில் சில வாரங்கள், கடைசியில் ஒரு தரவரிசைப் பட்டியல்.

வில்லங்கம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை பங்குச் சந்தை தெரியாததால் வருவதில்லை. போட்டியில் ஜெயிக்க என்ன தேவையோ அதையே முதலீட்டுக்கும் தேவை என்று நினைத்துக்கொள்வதால் வருகின்றன.

தரவரிசையைத் திறமையின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது

1,024 பேர் ஒரு போட்டியில் சேர்கிறார்கள் என்று வையுங்கள். யாருக்கும் சந்தையைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாரம் ஒருமுறை நாணயத்தைச் சுண்டுகிறார்கள்; தலை விழுந்தால் ஜெயிப்பு, பூ விழுந்தால் வெளியே. முதல் வாரம் 512 பேர் மிஞ்சுவார்கள், அடுத்த வாரம் 256. பத்தாவது வாரம் முடியும்போது ஒரே ஒருவர் நிற்பார், பத்து முறை தொடர்ந்து தலை போட்டவர். அவரிடம் மைக்கை நீட்டினால் எப்படிச் சுண்ட வேண்டும் என்று விளக்கம்கூடக் கொடுப்பார்.

சில வாரப் போட்டியின் முதலிடமும் பல நேரங்களில் இந்த வகைதான். ஆயிரக்கணக்கானவர்கள் ஆடும்போது, ஏதாவது ஒரு பங்கில் எல்லாப் பணத்தையும் போட்டவர்களில் யாரோ ஒருவருடைய பங்கு இரட்டிப்பாகியிருக்கும். அதே மாதிரி போட்டு மண்ணைக் கவ்வியவர்கள் பட்டியலின் அடியில் கிடப்பார்கள். அவ்வளவு தூரம் யாரும் திரையை உருட்டிப் பார்ப்பதில்லை. போன முறை ஜெயித்தவர் வாங்கிய பங்குகளைப் பார்த்து அப்படியே ஆடுவது இதனால்தான் வீண் வேலை.

இன்னொன்று. பரிசு முதல் சில பேருக்குத்தான் என்றால், நடுவில் முடிப்பதும் கடைசியில் முடிப்பதும் ஒன்றே. இரண்டு வாரம் மீதியிருக்கும்போது நானூறாவது இடத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் விற்று, தாறுமாறாக ஏறி இறங்கும் ஒரு பங்கில் கொட்டுவது போட்டிக் கணக்கில் புத்திசாலித்தனம். இழக்க அவரிடம் ஒன்றுமில்லை. நிஜப் பணத்தில் அதே காரியத்துக்குப் பெயர் வேறு. பழுத்த நிபுணர்களும் இதற்குத் தப்பவில்லை. அமெரிக்க மியூச்சுவல் ஃபண்டுகளை வைத்துப் பிரௌன், ஹார்லோ, ஸ்டார்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1996-ல் வெளியிட்ட கட்டுரை, வருடத்தின் முதல் பாதியில் பின்தங்கிய ஃபண்டுகள் இரண்டாம் பாதியில் ரிஸ்க்கைக் கூட்டியதைக் காட்டியது. தரவரிசை மனிதர்களை அப்படித்தான் ஆட்டுவிக்கும்.

நானும் இதில் விழுந்து எழுந்தவன்தான். முதன்முதலாக ஆடிய போட்டியில் இரண்டே பங்குகளில் மொத்தத்தையும் போட்டு, மூன்றாவது வாரம் மேலே இருந்தேன். முடியும்போது பட்டியலின் கீழ்ப்பாதி. ஆனால் நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட் மூன்றாவது வாரத்துடையது.

ஆகவே சேரும்போதே முடிவு செய்துவிடுங்கள்: கோப்பைக்காக ஆடுகிறீர்களா, கற்றுக்கொள்ளவா? கோப்பைக்கு என்றால் தவறொன்றுமில்லை, நன்றாக ஆடுங்கள். முதலீடு கற்றுக்கொண்டோம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கீழே வருவதெல்லாம் கற்க வந்தவர்களுக்கு.

விலை குறைந்த பங்கு மலிவானது என்று நம்புவது

ஒரு பங்கு 20-க்குக் கிடைக்கிறது, இன்னொன்று 2,000-க்கு. புதியவர் கை தானாக முதல் பங்குக்குப் போகும். ‘20 எப்படியும் 40 ஆகும், 2,000 எங்கே 4,000 ஆகப்போகிறது?’ முதல் நிறுவனத்துக்கு 100 கோடிப் பங்குகள், இரண்டாவதற்கு 50 லட்சம் பங்குகள் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். முதலாவதன் மொத்தச் சந்தை மதிப்பு 2,000 கோடி, இரண்டாவதுக்கு 1,000 கோடிதான். ‘மலிவான’ பங்கைக் கொண்ட நிறுவனத்துக்குத்தான் சந்தை இரண்டு மடங்கு விலை வைத்திருக்கிறது. ஒரு பங்கின் விலை என்பது கேக்கை எத்தனை துண்டு போட்டார்கள் என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். மலிவா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் அந்த விலையை நிறுவனம் சம்பாதிக்கும் லாபத்தோடும் வைத்திருக்கும் சொத்து, கடனோடும் ஒப்பிட வேண்டும்.

இதே குழப்பத்தின் மறுபக்கம் பங்குப் பிரிப்பு. 2024 ஜூனில் நிவிடியா தன் ஒவ்வொரு பங்கையும் பத்தாகப் பிரித்தது. வெள்ளிக்கிழமை 1,200 டாலரை ஒட்டி இருந்த விலை திங்கட்கிழமை 120 டாலரை ஒட்டி வந்தது. யாருக்கும் எதுவும் போகவில்லை, ஒரு பங்கு வைத்திருந்தவரிடம் பத்துப் பங்குகள் இருந்தன. 2020 ஆகஸ்டில் ஆப்பிள் நான்காகவும் டெஸ்லா ஐந்தாகவும் ஒரே நாளில் பிரிந்தன. போட்டி மென்பொருள் பங்கு எண்ணிக்கையைத் திருத்த ஒரு நாள் தாமதித்தால் போதும், ‘90 சதவீதம் போச்சு’ என்று அலறி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய வீழ்ச்சி கண்ணில் பட்டால் ஆர்டர் பட்டனைத் தொடுவதற்கு முன் நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள். நிறுவனம் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகைக்கும் இது பொருந்தும்: அதற்கான தகுதி முடிந்த மறுநாள் விலை ஏறக்குறைய அந்த அளவு இறங்கித் தொடங்குவது வழக்கம்.

முதல் நாளே முழுப் பணத்தையும் இறக்குவது

கற்பனைப் பணம் சும்மா கிடந்தால் கை அரிக்கும். மணி அடித்த பத்தாவது நிமிடத்தில் பணம் முழுக்கப் பங்காகிவிடும். குறுகிய போட்டியில் காத்திருப்பதற்கு விலை உண்டு என்பது சரிதான். ஆனாலும் கற்க வந்தவர் இரண்டு மூன்று தவணையாக வாங்கினால், அதே பங்கு இறங்கும்போது தன் மனசு என்ன சொல்கிறது என்பதையாவது தெரிந்துகொள்வார்.

பரவலாக்கம் என்ற பெயரில் ஒரே பங்கைப் பல பெயர்களில் வாங்குவது

ஒரு பங்கில் இவ்வளவு சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது என்று பல போட்டிகளில் விதி இருக்கும். உடனே புதியவர் ஐந்து வங்கிப் பங்குகளை வாங்கிவிட்டுப் பணத்தைப் பிரித்துப் போட்டதாக நினைப்பார். வட்டி விகிதம் பற்றி ஒரு செய்தி வந்தால் ஐந்தும் சேர்ந்து குப்புற விழும். ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-ல் எழுதிய கட்டுரையின் சாரமே இதுதான்: எத்தனை பங்குகள் என்பதைவிட, அவை ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து ஆடுகின்றன என்பதே முக்கியம். பின்னாளில் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு இந்த வேலைக்குத்தான்.

பணத்தைப் பிரித்துப் போடுவதைச் சும்மா நல்ல பிள்ளை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கூட்டல் கழித்தல் கணக்கு இது. 10 சதவீதம் இழந்தால் பழைய இடத்துக்கு வர 11 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறினால் போதும். 20 இழந்தால் 25 தேவை. 50 இழந்தால் 100. 80 சதவீதம் இழந்தவருக்கு 400 சதவீத லாபம் வேண்டும். குழி ஆழமாக ஆக, ஏணி அதைவிட வேகமாக நீள்கிறது.

ஓயாமல் வாங்கி விற்பது

போட்டித் திரை பச்சையும் சிவப்புமாக மின்னிக்கொண்டே இருக்கும். சும்மா இருப்பது தோற்பதுபோலத் தோன்றும். பல போட்டிகளில் தரகுக் கட்டணமும் கிடையாது, இருந்தாலும் பெயருக்குத்தான். அந்தப் பழக்கம் நிஜக் கணக்குக்கும் கூடவே வந்துவிடும்.

வாங்கி விற்கும் ஒரு சுற்றுக்குத் தரகு, வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் சேர்த்து அரை சதவீதம் என்று வையுங்கள். முழு முதலையும் நாற்பது தடவை சுற்றினால் 18 சதவீதம் காலி, உங்கள் கணிப்புகளில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்றாலும்கூட. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் இருவரும் அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 66,465 குடும்பக் கணக்குகளை 1991 முதல் 1996 வரை அலசி 2000-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பிரபலம். அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்தது. அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குச் செலவு போகக் கிடைத்தது 11.4 சதவீதம்.

உங்கள் போட்டியில் கட்டணம் இல்லை என்றால் ஒரு தாளில் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் கால் சதவீதம். கடைசியில் அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்தால் கை தானாகச் சுருங்கும்.

லாபத்தில் அவசரம், நஷ்டத்தில் பொறுமை

ஏறிய பங்கை ‘கிடைத்தவரை லாபம்’ என்று விற்றுவிட்டு, இறங்கிய பங்கை ‘வாங்கின விலை வரட்டும்’ என்று வைத்திருப்பது. ஷெஃப்ரின், ஸ்டேட்மன் என்ற ஆய்வாளர்கள் 1985-லேயே இதற்கு ‘டிஸ்பொசிஷன் எஃபெக்ட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு ஓடியன் 10,000 கணக்குகளில் சோதித்தபோதும் அதுவே தெரிந்தது: லாபத்திலிருக்கும் பங்குகளை விற்கும் வேகம் நஷ்டத்திலிருப்பவற்றை விற்கும் வேகத்தைவிட அதிகம். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதற்குக் கவலையில்லை. ‘இன்று கையில் பணமாக இருந்தால் இந்தப் பங்கை இந்த விலைக்கு வாங்குவேனா?’ இல்லை என்று பதில் வந்தால் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு ஏதாவது இருக்க வேண்டும்.

திரையில் கிடைத்த விலை சந்தையிலும் கிடைக்கும் என்று எண்ணுவது

ஒரு நாளில் 3,000 பங்குகள் மட்டுமே கைமாறும் ஒரு சின்ன நிறுவனத்தில், போட்டியில் 50,000 பங்குகளைக் கடைசி விலைக்கே வாங்கிவிடலாம். மென்பொருள் மறுக்காது. நிஜச் சந்தையில் விற்பவர் வேண்டுமே! உங்கள் ஆர்டரே விலையைத் தூக்கிவிடும், விற்கும்போது அதே ஆர்டர் அமுக்கிவிடும். சின்னப் பங்குகளில் போட்டியில் வந்த லாபத்தைப் பாதிக்கும் கீழே மதிப்பிடுங்கள் என்பது என் கணக்கு.

சில போட்டிகளில் விலை 15 அல்லது 20 நிமிடம் தாமதமாக ஓடும். செய்தியை வேறு இடத்தில் பார்த்துவிட்டு இங்கே பழைய விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் சந்தையில் செல்லாத கெட்டிக்காரத்தனம். அதற்குச் செலவிடும் நேரத்தில் மார்க்கெட் ஆர்டருக்கும் லிமிட் ஆர்டருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழகிக்கொள்ளலாம்: முதலாவது ‘என்ன விலையானாலும் உடனே’, இரண்டாவது ‘இந்த விலைக்கு அல்லது அதைவிட நல்ல விலைக்குக் கிடைத்தால் மட்டும்’.

எதோடும் ஒப்பிடாமல் லாபத்தைக் கொண்டாடுவது

ஆறு சதவீத லாபம் நல்லதா? அதே வாரங்களில் சந்தைக் குறியீடு, அதாவது பல நிறுவனங்களின் பங்கு விலைகளைச் சேர்த்துக் காட்டும் எண், எட்டு சதவீதம் ஏறியிருந்தால் உங்கள் உழைப்புக்கு இரண்டு சதவீதம் அபராதம். குறியீடு ஒன்பது இறங்கியபோது நீங்கள் மூன்று மட்டும் இறங்கியிருந்தால், பட்டியலில் சிவப்பாகத் தெரிந்தாலும், ஏன் என்று ஆராய வேண்டிய நல்ல ஆட்டம் அது.

போட்டி முடிந்த சூட்டோடு நிஜப் பணத்தைப் போடுவது

ஒரே ஒரு விஷயத்தைப் போட்டியால் கற்றுத்தரவே முடியாது: பயம். கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-ல் முன்வைத்த கோட்பாடு, இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்கிறது. 1992-ல் அவர்களே போட்ட கணக்கில் ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு. கற்பனைப் பணத்தில் 30 சதவீதம் போனால் தோளைக் குலுக்கிவிட்டுப் போவீர்கள். சொந்தச் சேமிப்பில் அதே 30 சதவீதம் போன இரவு தூக்கம் வராது, காலையில் எடுக்கும் முடிவும் வேறாக இருக்கும்.

காலமும் போதாது. 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு பாதிக்கும் மேல் இறங்கியது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். பத்து வாரத்தில் இவற்றின் சாயலைக்கூடப் பார்க்க முடியாது. நிஜக் கணக்கு தொடங்கினால், போட்டியில் ஆடிய தொகையை மறந்துவிட்டு, போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாத சின்னத் தொகையில் தொடங்குங்கள்.

எழுதி வைக்காமல் ஆடுவது

கடைசியாகச் சொன்னாலும் என்னைக் கேட்டால் இதுதான் பெரிய இழப்பு. ஒவ்வொரு பங்கை வாங்கும் முன்னும் இரண்டு வரி: ஏன் வாங்குகிறேன், எது நடந்தால் விற்பேன். விலை நகர்ந்த பிறகு எழுதினால் பயனில்லை. நடந்து முடிந்ததற்கு ஏற்ப நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும். போட்டி முடிந்ததும் நோட்டை மூடிவிடாமல், அதே பங்குகளைத் தாளில் இன்னும் ஆறு மாதம், ஒரு வருடம் தொடருங்கள். கணக்கைப் போட்டி நடத்துகிறவர்கள் மூடிவிடலாம், விலைகள் எப்போதும் பார்க்கக் கிடைக்கும்.

என் இரண்டாவது போட்டியின் தாளை ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தேன். வாங்கியது பதினோரு பங்குகள். ஏழின் எதிரே ‘ஏறிக்கொண்டிருக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தேன். லாபம் தந்த நான்கில் இரண்டு, நான் எழுதிய காரணத்துக்கு நேர்மாறான காரணத்தால் ஏறியிருந்தன.