கூடுதல் ஊதிய மீட்பு நோட்டீஸ்: ஓய்வூதியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வூதியர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தால் அடிக்கடி வருவது இந்தக் காகிதம்தான்: 'ஊதிய நிர்ணயத்தில் தவறு நேர்ந்துள்ளது; கூடுதலாகப் பெற்ற தொகையைத் திரும்பச் செலுத்தவும்.' என்றோ போட்ட கணக்கு, தணிக்கையின் கண்ணில் இப்போதுதான் பட்டிருக்கும். நோட்டீஸைப் பத்திரப்படுத்துங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு செய்வதுதான் கெடுக்கிறது.

சம்மதக் கடிதம் கொடுப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. எழுத்தர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். "மொத்தமாகப் பிடித்தால் கஷ்டம் ஐயா, மாதம் 3,000 வீதம் பிடிக்கச் சம்மதம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்" என்பார். ஓய்வுபெற்ற அலுவலக உதவியாளர் ஒருவர் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, சில தவணைகள் போன பிறகு என்னிடம் வந்தார்.

கடைநிலை ஊழியர், ஓய்வுபெற்றவர், கூடுதல் தொகை போனதோ ஐந்தாண்டுக்கும் மேலாக. இம்மூன்றில் ஒன்று பொருந்தினாலே மீட்கக்கூடாது என்று 2014-இல் ரஃபீக் மசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவருக்கு மூன்றும் பொருந்தின. ஆனாலும் ஒவ்வொரு மனுவுக்கும் வந்த பதில்: 'தாங்களே சம்மதித்துள்ளீர்கள்.' கணக்குப் போட்டவர் வேறொருவர்; கடனை ஒப்புக்கொண்டவர் இவர்! வழக்கு அத்துடன் செத்துவிடாது, ஆனால் நேராக முடிய வேண்டியது இழுபடும்.

அந்த ஒரு வரிக்குப் பதிலாக இதை எழுதுங்கள்: எந்த அரசாணைப்படி, எந்தத் தேதியிலிருந்து, மாதவாரியாக எவ்வளவு கூடுதல் என்ற கணக்கைத் தரவும், அதுவரை பிடித்தம் செய்ய வேண்டாம். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. பிடித்தம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? 'இதை ஆட்சேபிக்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை' என்று உடனே எழுத்தில் பதியுங்கள்.

ரஃபீக் மசியை மந்திரம்போல் ஓதுவது

அந்தத் தீர்ப்பு கொடுத்த பணத்தை மீட்பதைத்தான் தடுக்கிறது. தவறான ஊதியத்தை இனிமேலுக்குத் திருத்துவதைத் தடுக்காது, ஓய்வூதியம் குறையலாம். அடுத்தது, பழைய உறுதிமொழி. புதிய ஊதிய விகிதத்தைத் தேர்ந்தெடுத்தபோது 'கூடுதலாகப் பெற்றால் திருப்பித் தருவேன்' என்று கையெழுத்திட்டிருந்த அதிகாரியை அது கட்டுப்படுத்தும் என்று 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. எனவே பணிப்பதிவேட்டின் நகலை வாங்கி, விருப்பப் படிவத்தை முதலில் படியுங்கள்.

உண்மையை மறைத்து வாங்கிய பணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஊழியரின் மோசடியோ தவறான தகவலோ இல்லை என்பதால்தான் கேரள ஆசிரியர் தாமஸ் டேனியல் 2022-இல் வென்றார்.

கவுன்டரில் வாயால் சொல்லிவிட்டு வருவது

கோப்பில் ஏறாது. மனுவாக எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்குங்கள்.

தவறான படி ஏறுவது

தமிழக அரசு ஊழியருக்கு சென்னை உயர் நீதிமன்றம், அல்லது அதன் மதுரைக் கிளை. மத்திய அரசு ஊழியருக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அங்கே பொதுவாக ஓராண்டுக்குள் போக வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓய்வூதியப் பலன்களுக்காக அரசு ஊழியர் அங்கே போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லியாயிற்று.