லிமிட் ஹோல்டெம்: பட்டனில் உட்கார்ந்தால் எப்படி ஆடுவது

பெட் தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்ட போக்கர் சீட்டாட்டமான லிமிட் ஹோல்டெம் ஆட ஆரம்பித்த காலத்தில் கையில் வந்த இரண்டு சீட்டைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. ராஜா–ஒன்பது வந்தால் எந்த இடத்தில் இருந்தாலும் உள்ளே போவேன். பிறகு ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். அதே ராஜா–ஒன்பது பட்டனில், அதாவது கடைசி ஆளாகப் பேசும் (முடிவு சொல்லும்) இடத்தில் இருக்கும்போது சிப் (பந்தய வில்லை) சேர்த்துக் கொடுத்தது, முதல் ஆளாகப் பேசும் இடத்தில் சேர்த்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு போனது.

இது என் நோட்டுக் கணக்கு மட்டும் இல்லை. இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2015இல் செஃபியஸ் என்ற நிரலால் கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்த்தது. இரண்டு பேருமே தவறில்லாமல் ஆடினாலும், பட்டனில் இருப்பவருக்கு 100 கைக்கு, அதாவது 100 முறை சீட்டுப் போட்டு ஆடினால், சுமார் 9 பெரிய பிளைண்ட் (ஆட்டம் தொடங்குமுன் கட்டாயமாக வைக்கும் இரண்டு தொகைகளில் பெரியது) லாபம் வரும் என்பது அதில் தெரிந்தது. கடைசியில் பேசுவதன் விலை அவ்வளவு.

2/4 மேசை என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் முதலில் மூன்று சீட்டு விழும், அது ஃப்ளாப்; பிறகு ஒவ்வொன்றாக டர்ன், ரிவர். ஃப்ளாப் வரை ஒரு பெட் (பந்தயம்) 2 சிப், டர்னிலும் ரிவரிலும் 4 சிப். பெரிய தொகையைத் தள்ளி எதிராளியை மிரட்ட இங்கே வழியில்லை. ஓர் இடத்தில் ஒரு பெட்டை மிச்சம் பிடிப்பதும், இன்னோர் இடத்தில் ஒரு பெட் கூடுதலாக வாங்குவதும்தான் ஆட்டமே.

சரி, முதல் சுற்று. எல்லோரும் ஃபோல்ட் செய்து (விலகி) உங்களிடம் வந்தால் ரெய்ஸ் செய்யுங்கள் (பெட்டை உயர்த்துங்கள்), வெறும் கால் (இருக்கும் பெட்டுக்குச் சமமாகப் போடுவது) வேண்டாம். எதிரே இருப்பது பிளைண்ட் வைத்த இரண்டு பேர்தான், இருவரும் ஃப்ளாப்புக்குப் பிறகு உங்களுக்கு முன்னால் பேசியாக வேண்டும். எந்த ஜோடியானாலும், எந்த ஏஸானாலும், ராஜாவும் அதே சின்னத்தில் இன்னொரு சீட்டும் வந்தாலும் நான் ரெய்ஸ் செய்கிறேன். உங்களுக்கு முன்பே ஒருவர் ரெய்ஸ் செய்திருந்தால், ஆடத் தகுந்த கைக்குப் பெரும்பாலும் மறு ரெய்ஸ்தான் சரி. வெறும் கால் செய்தால் பெரிய பிளைண்ட் மலிவாக உள்ளே வந்துவிடுவார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். என்னிடம் இஸ்பேட் ஜாக்கி, இஸ்பேட் பத்து. முன்னால் இருவர் கால், நானும் பட்டனில் கால். சின்ன பிளைண்ட் விலகினார், பெரிய பிளைண்ட் செக் (பெட் வைக்காமல் விடுவது). பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த தொகையில், 9 சிப். ஃப்ளாப்: ஆர்ட்டின் ராஜா, இஸ்பேட் ஏழு, இஸ்பேட் மூன்று. பெரிய பிளைண்ட் செக் சொல்ல, அடுத்தவர் 2 சிப் பெட் வைத்தார், அவருக்குப் பின்னால் இருந்தவர் ஃபோல்ட். ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) எனக்கு இன்னும் ஒரு இஸ்பேட் வேண்டும். பார்க்காத 47 சீட்டில் 9 உதவும். அடுத்த சீட்டிலேயே வர 19 சதவீதம், இரண்டு சீட்டும் பார்த்தால் 35 சதவீதம்.

இங்கே நான் 4 ஆக ரெய்ஸ் செய்தேன். பெரிய பிளைண்ட் போய்விட்டார், பெட் வைத்தவர் கால். டர்னில் டைமண்ட் நான்கு. என் ரெய்ஸைப் பார்த்துவிட்டதால் அவர் செக் சொன்னார். நானும் செக். ரிவர் சீட்டு இலவசமாக வந்தது. ஃப்ளாப்பில் வெறும் கால் செய்திருந்தால் அங்கே 2, டர்னில் அவர் மறுபடி வைக்கும் 4, மொத்தம் 6 சிப் போயிருக்கும். இப்போது 4தான். டர்னிலேயே இஸ்பேட் விழுந்திருந்தால் நான் பெட் வைத்திருப்பேன், பாட்டும் ஏற்கெனவே பெருத்திருக்கும்.

ஆனால் ஆள் பார்த்துச் செய்யுங்கள். ஃப்ளாப்பில் திருப்பி ரெய்ஸ் செய்கிற ஆளிடம் 4 சிப் 6 ஆகும், டர்னில் இன்னொரு 4 கேட்பார். இன்னொன்று: ஃப்ளஷுக்குக் காத்திருக்கும்போது மட்டுமே ரெய்ஸ் செய்தால் கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். நல்ல ஜோடி கிடைத்தபோதும் அதே ரெய்ஸ் செய்து, டர்னில் நிறுத்தாமல் பெட் வையுங்கள்.

அப்புறம் ரிவர். அவர் செக் சொல்கிறார், உங்களிடம் நடுத்தர ஜோடி. முன்பெல்லாம் பயந்து நானும் செக் சொல்வேன், சீட்டைத் திருப்பினால் அவரிடம் சின்ன ஜோடி இருக்கும். இந்த ஆள் கால் செய்கிற 10 தடவையில் 6 தடவை நம் கை மேலானது என்று தோன்றினால் பெட் வையுங்கள். 6 தடவை 4 சிப் வரும், 4 தடவை 4 சிப் போகும், மிச்சம் 8 சிப். செக் சொல்லிவிட்டு ரெய்ஸ் செய்யும் பழக்கம் உள்ளவரிடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் உறுதி வேண்டும்.

அவரே பெட் வைத்தால் பாட்டைப் பாருங்கள். அவருடைய பெட்டோடு சேர்த்து 28 சிப் கிடக்க, நீங்கள் 4 போட வேண்டுமென்றால், 8இல் ஒரு தடவை ஜெயித்தாலே கைக்காசு போகாது. அந்த இடத்தில் ஒரு ஜோடியை நான் அநேகமாக ஃபோல்ட் செய்வதில்லை.

உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், அடிக்கடி ரெய்ஸ் செய்கிறவருக்கு அடுத்து இடப்பக்கம் உட்காருங்கள். ஆட்டம் கடிகாரச் சுற்றில் போவதால், அவர் பெரிய பிளைண்டாக இருக்கும் கையின் முதல் சுற்றையும், அவர் பட்டனில் இருக்கும் கையில் ஃப்ளாப்புக்குப் பிறகு வரும் சுற்றுகளையும் தவிர மற்றதிலெல்லாம் அவர் பேசிய பிறகுதான் நீங்கள் முடிவெடுப்பீர்கள்.